பந்துக்குப் பிடித்த குடை

வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கிழவன் கயிறு திரிக்கிறான் என்பார்கள். அதனால் நான் எப்போதும் குறைத்தே சொல்வது. ஆனி, ஆடியில் எங்கள் ஆட்கள் குளிக்கக் குழாயடிக்குப் போவதில்லை. சோப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் போதும். சிக்கல் துவட்டுவதில்தான். துவட்டிக்கொள்வதற்காக ஹட்டனுக்கு பஸ் ஏறி, அங்கேயும் மழை என்று நுவரெலியா வரைக்கும் போய், இரண்டு மடங்கு நனைந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மற்றபடி நல்ல ஊர்.

இங்கேதான் கிளென்தோர்ன் கோல்ஃப் கழகம் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. போகும்போது எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். அதன் இப்போதைய தலைவர், கொழும்பிலிருந்து வந்து போகும் திருவாளர் பிரதாப். அவருக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. அது தலைமைப் பதவிக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று கழகத்தின் யாப்பு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. எழுதியவரும் அவர்தான்.

அவருக்கு ஒருநாள், உலக வீரர்களெல்லாம் வந்து ஆடுகிற மாதிரி ஒரு பெரும் போட்டி நடத்த வேண்டும் என்று தோன்றியது. பெயர், ‘ஏழுமலைக் கிண்ணம்’. தேதி குறிக்கும் கூட்டம் மார்ச் மாதம் கொழும்பில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. அதைப் பார்த்து ஆடி மாதம் என்று குறித்துவிட்டார்கள்.

அறிமுகக் கூட்டத்தில் ஹட்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து, “சேர், ஆடியில மழை பெய்யுமே?” என்று கேட்டார்.

பிரதாப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல கேள்வி. மழைக்கென்று ஓர் உபகுழு நியமித்திருக்கிறோம். அந்தக் குழு இன்னும் கூடவில்லை. அது கூடும்வரைக்கும் மழையைப் பற்றி யார் பேசினாலும் ஒழுங்குமீறல். மழை உட்பட எல்லாத் தரப்பினரும் ஒத்துழைப்பார்கள் என்று நம்புகிறோம்.”

கைதட்டினார்கள். கூரையிலும் தட்டுகிற சத்தம் கேட்டது. அது மழை.

இனி அழகனுக்கு வருகிறேன். அழகன் அந்தக் கழகத்தில் கேடி. அதாவது ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவன். மீசை அரும்பிய வயதில் ‘தற்காலிகக் கேடி’யாகச் சேர்ந்தான். மீசை நரைக்கத் தொடங்கியபோதும் தற்காலிகக் கேடிதான். பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பலகாரம் சாப்பிட்டு முடியும்வரை நன்றாகத்தான் போகும். வேலை நிரந்தரமா என்று கேட்பார்கள். அதோடு அடுத்த தட்டு வராது.

கடைசியாகப் பொகவந்தலாவையில் ஜீவராணி என்ற பெண் அமைந்தாள். அவளுக்கு இவனைப் பிடித்தது, இவனுக்கு அவளைக் கண்டு கொஞ்சம் பயம். இரண்டும் நல்ல சகுனம். ஆனால் பெண்ணின் அப்பா செல்லசாமி கறாரான மனுஷன். “தற்காலிக மாப்பிள்ளைக்கு நிரந்தரமாப் பொண்ணு தர முடியாதுங்க தம்பி. தொரை வாயால நிரந்தரம்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் கெட்டி மேளம்” என்றுவிட்டார்.

அழகன் பிரதாப்பின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “போட்டி குறையில்லாமல் முடியட்டும். முடிந்த மறுநாள் நீர் நிரந்தரம்” என்றார் அவர். போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிவதாக ஏற்பாடு. கல்யாணத்தை அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என்று வைத்தார்கள். அழகன், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். தகரக் கூரை ஒழுகுகிற இடமெல்லாம் சட்டி, பானை, வாளி வைத்தான். நடுவீட்டு ஒழுக்குக்கு மட்டும் பாத்திரம் பற்றவில்லை. கல்யாணச் சீரில் ஏதாவது வரும் என்று அதை விட்டுவைத்தான்.

போட்டி தொடங்கியது. முதல் வீரர் முதல் பந்தை அடித்தார். பந்து மேலே போனது. மழை கீழே வந்தது. இரண்டும் நடுவழியில் சந்தித்தன, மழைதான் வென்றது. ஆனாலும் விடாமல் ஆடினார்கள். சுவீடனிலிருந்து வந்த ஒரு நெட்டை வீரர் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஏழாவது குழிக்கு அவர் அடித்த பந்து, மைதானமும் தேயிலை மலையும் சேருகிற ஓரத்தில், ஒரு புல் குஞ்சத்தின் மேல் பூ வைத்த மாதிரி போய் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து சைரன் ஊதியது. மழை காரணமாக ஆட்டம் இடைநிறுத்தம்.

போட்டியின் தலைமை நடுவர் ஒருவர் இருந்தார். லயத்து ஆட்கள் அவருக்குச் சட்டத் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டப் புத்தகத்தை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தான் நனைந்துகொண்டு திரிவார். அவர் பந்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இந்தப் பந்தை அடித்தவர் எடுக்கலாம். இவ்வளவு நல்ல இடத்தில் இருக்கும் பந்தை எடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். வேறு யாராவது எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். எடுத்த இடம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டால், வைக்க இடமில்லை. இடமில்லாத பந்தைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. சட்டத்தில் இல்லாத நிலைமைக்கு நான் போகமாட்டேன்.”

ஆகவே பந்தின் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கொடி நட்டார்கள். நாலு பேர் நிற்கக்கூடிய பெரிய குடை ஒன்றை அழகன் கையில் கொடுத்து, ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை பந்துக்குப் பிடிக்கச் சொன்னார்கள்.

“எனக்குங்க?” என்றான் அழகன்.

“குடை பந்துக்கு. உமக்கு மழை பழக்கம்தானே” என்றார் பிரதாப்.

“எவ்வளவு நேரங்க தொரை?”

“தற்காலிகமாகத்தான்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அழகன் குடையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. மழை போகவில்லை. மைதானத்தின் மணல் குழிகள் குளமாகி, குளத்தில் மீன் வந்தது. சட்டத் துரை போய்ப் பார்த்து, சட்டப்படி இது ‘தற்காலிக நீர்’ என்று தீர்ப்புச் சொன்னார். மீன்கள் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, முட்டையிட்டிருந்தன. ஒன்பதாவது குழியின் கொடி ஓடையோடு போய் ரயில் பாதையோரம் ஒதுங்கியது. சிவப்பாக இருந்ததால் ஒரு சரக்கு ரயில் அதைப் பார்த்து நின்றது. பச்சை காட்ட ஆளில்லாமல் இன்னும் நிற்பதாகக் கேள்வி.

வீரர்களின் மழைச்சட்டைகள் கொடுத்த விலைக்கு இரண்டு நாள் தாங்கின. பிறகு எல்லோரும் நஸார் நானாவின் கடையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மூடுபனிக்குள் அவர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்த கங்காணி ஒருவர், “கூடை இல்லாம மலைக்கு எங்க போறீங்க?” என்று சத்தம் போட்டிருக்கிறார். இரண்டு பேர் பயந்துபோய்க் கூடையும் வாங்கினார்கள்.

நாலாம் நாள் சைரனுக்குள் தண்ணீர் போனது. ஊதினால் கொப்பளித்தது. ஆட்டம் தொடங்குவதை மலைமுழுக்கக் கேட்கும்படி அறிவிக்க வேறு வழியில்லாமல், எங்கள் மாரியம்மன் கோயில் மேளக்காரர்களைப் பிடித்தார்கள். பிரதாப் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும் கணத்திலேயே ஆட்டம் மீண்டும் தொடங்கும். வீரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பந்தின் அருகே ஆயத்தமாக நிற்கவும். தாமதிப்பவர்கள் நீக்கப்படுவார்கள்.” அன்று முதல் வீரர்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை மலைச்சரிவெங்கும் பனிக்குள் மட்டையோடு காத்து நின்றார்கள், மாடு மேய்க்க வந்து மாட்டைத் தொலைத்தவர்கள் மாதிரி.

இதற்கு நடுவில்தான் அந்தக் கவ்வாத்து விவகாரம்.

தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்போம். முதல் வெட்டுக்கு முன்னால் மலை ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, கத்திகளை அதன் முன்னால் அடுக்கி, கை கால் வெட்டுப்படாமல் காப்பாத்து சாமி என்று கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். கவ்வாத்துச் சாமி என்று பெயர். அந்த வாரம் ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து. கந்தப்பன் கங்காணி ஆட்களோடு வந்தார். மலை ஓரத்தில் உருண்டையாக ஒரு வெள்ளைக் கல். பக்கத்தில் சிவப்புக் கொடி. மேலே பெரிய குடை. முன்னால் தலையில் துண்டு கட்டி, சம்மணம் போட்டு, கண் சிவந்து ஒருத்தன்.

“அட, நமக்கு முன்னாடியே சாமிய வச்சிட்டாங்கப்பா!” என்றார் கந்தப்பன். “குடையெல்லாம் வேற.”

“கிட்ட வராதீங்க! தொடாதீங்க!” என்று அழகன் அலறினான்.

“பாத்தியா, எவ்வளவு சுத்தபத்தம்” என்று ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

“ஐயோ, இது பந்துங்க மாமா! சுவீடன்காரன் பந்து!”

“பட்டினி கெடந்து அருள் வந்திருக்கு, ஏதோ பேசுறான்” என்று கந்தப்பன் சொல்லிவிட்டு, குனிந்து, பந்து ஆடாமல் அசையாமல் பக்குவமாகச் சந்தனம் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் நறுக்கினார். தேங்காய் உடைத்து ஒரு மூடியை அழகனிடம் நீட்டினார். அழகனுக்குப் பசி. வாங்கித் தின்றான். அதோடு அவனும் பூசாரி என்று முடிவாகிவிட்டது.

அந்த மழையிலும் சேற்றிலும் ஒரு ஆளுக்குக்கூடக் கத்தி படவில்லை. அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் கோழியோடு வந்தார்கள். வலப்பனையிலிருந்து ஒருவர் வேண்டுதல் வைக்க வந்தார். அவர் மகன் பரீட்சையில் பாஸாக வேண்டுமாம்.

சட்டத் துரை வந்து பார்த்தபோது பந்து மஞ்சளாக இருந்தது. புத்தகத்தைப் பிரித்தார். வெகுநேரம் புரட்டினார். “பந்தில் ஒட்டிய சேற்றைத் துடைக்க அனுமதியில்லை. சந்தனம், சேற்றின் வாசனையுள்ள வகை. பந்து உள்ளபடியே ஆடப்படும்” என்று தீர்ப்புச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டும் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

கோயிலில் எல்லாம் தயார். மாப்பிள்ளை மட்டும் இல்லை. அழகனின் நிலைமை இதுதான்: எழுந்து போனால் வேலை நிரந்தரமாகாது, கல்யாணம் நடக்காது. உட்கார்ந்திருந்தால் முகூர்த்தம் போய்விடும், கல்யாணம் நடக்காது. இப்படி இரண்டு பக்கமும் கதவு சாத்திய மனிதன் செய்யக்கூடியதை அவன் செய்தான். குடையைக் கொஞ்சம் நேராகப் பிடித்துக்கொண்டான்.

செல்லசாமி மேலே ஏறி வந்தார். பின்னால், கூறைச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஜீவராணி. அதற்குப் பின்னால் மேளக்காரர்கள், பந்தி பாத்திரங்கள், நஸார் நானா, நான், பாதித் தோட்டம்.

ஜீவராணி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். “முட்டைய அடைகாக்குற கோழியப் பாத்திருக்கேன். பந்தை அடைகாக்குற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்.”

“ராணி, நான் எந்திரிச்சா தற்காலிகம்” என்றான் அழகன் பரிதாபமாக.

“அது சரி. உக்காந்திருக்கிற இடத்துக்கு மணவறைய கொண்டாந்தா ஆகாதா? சாமி இருக்கு. பூசாரி...” என்று கந்தப்பனைப் பார்த்தாள்.

“நான் இருக்கேன் தாயி.”

“பந்தல்?”

நஸார் நானா சிரித்தார். “கடையில நீலத் தார்ப்பாய் இருக்கு மகள். கொண்டாரச் சொல்றேன். நனைஞ்ச ஆளுக்கு இனிப்பா வட்டிலப்பமும் இருக்கு.”

நாலு சவுக்குக் கம்பில் தார்ப்பாயைக் கட்டினார்கள். கட்டின உடனே நடுவில் தண்ணீர் தேங்கித் தொட்டில் மாதிரித் தொங்கியது. அதன் கீழே மணமக்கள் உட்கார்ந்தார்கள். அழகனின் ஒரு கையில் குடை, மறு கை தாலிக்கு.

“நிறுத்துங்க” என்றார் செல்லசாமி. “தொரை வாயால வரட்டும்.”

பிரதாப்பே மழைச்சட்டையோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். “போட்டி எல்லைக்குள் என்ன சடங்கு இது?”

“தொரை, மாப்பிள்ளை வேலை நிரந்தரம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க முடிச்சிட்டுப் போயிருவோங்க” என்றார் செல்லசாமி.

பிரதாப் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு தானாக வரும். “பெரியோர்களே, இந்தப் போட்டி மழையை வென்றுவிட்டது. மழையும் பெய்கிறது, போட்டியும் முடியவில்லை. ஒன்றையொன்று பாதிக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்திக்காட்டிய ஒரே கழகம் நாங்கள்தான். ஆனால் போட்டி முடிந்தால்தான் நிரந்தரம். போட்டி எப்போது முடியும் என்று சொல்லும் அதிகாரம் மழை உபகுழுவுக்கு. உபகுழு கூடுவதற்கு வழியில்லை, மழை பெய்கிறது.”

செல்லசாமி தாம்பாளத்தோடு தாலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தாலி போகிற பக்கம் அழகன் சாய்ந்தான், குடையும் சாய்ந்தது. பந்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. “குடை!” என்றார் சட்டத் துரை.

ஜீவராணி அழகன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, எதுவரைக்கும் இந்தக் காவல்?”

“ஆட்டம் மறுபடி தொடங்குற வரைக்கும்.”

“எப்பத் தொடங்கும்?”

“மேளம் கேட்டா.”

“அப்ப மேளம் அடிச்சா ஆட்டம் தொடங்கும். ஆட்டம் தொடங்குனா உங்க காவல் முடிஞ்சிச்சு. காவல் முடிஞ்ச ஆளு கல்யாணம் கட்டக் கூடாதுன்னு அந்தப் புத்தகத்துல இருக்கா?”

சட்டத் துரை அவசரமாகப் புரட்டினார். “இல்லை” என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

ஜீவராணி அப்பாவின் கையிலிருந்து தாலியை எடுத்து அழகனிடம் கொடுத்தாள். மேளக்காரரைப் பார்த்தாள். “அடிங்கண்ணே!”

செல்லசாமி வாயைத் திறப்பதற்குள் கெட்டி மேளம் மலைமுழுக்கக் கேட்டது. அழகன் குடையைப் போட்டுவிட்டுத் தாலியைக் கட்டினான். நாங்கள் அட்சதை தூவக் கையைத் தூக்கினோம். எங்களை முந்திக்கொண்டு வேறு அட்சதை விழுந்தது. பனிக்குள் நாள்கணக்காகக் காத்து நின்ற அத்தனை வீரர்களும் மேளச் சத்தம் கேட்டதும், எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரே நேரத்தில் அடித்துவிட்டார்கள். டொப், டொப், டொப் என்று பந்துகள் வானத்திலிருந்து கொட்டின. கடவுள் புண்ணியம், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஒன்று மட்டும் தவறி வட்டிலப்பத்துக்குள் விழுந்தது. சட்டத் துரை ஓடிப்போய்ப் பார்த்து, “புதைந்த பந்து” என்றார். நஸார் நானா கரண்டியைக் கொடுத்தார்.

அப்போது பனியைக் கிழித்துக்கொண்டு நெட்டை வீரர் மட்டையோடு வந்தார். அவர் ஒருவர்தான் அடிக்கவில்லை, பந்தைச் சுற்றிக் கல்யாணக் கூட்டம் நின்றதால். இதை அடித்தால் கிண்ணம் அவருக்கு. பந்தின் முன்னால் காலை அகட்டி நின்றார். மட்டையை ஓங்கினார்.

“சாமிய அடிக்கப் போறான்டா!” என்று கந்தப்பன் கத்தினார்.

கவ்வாத்துக்காரர்கள் கத்தியோடு வட்டமாக நின்றார்கள். அவர்கள் செடியைத்தான் வெட்டுவார்கள் என்று நெட்டை வீரருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓங்கிய மட்டையை அவர் மெதுவாக இறக்கி, அதை ஊன்றுகோலாக வைத்து, பந்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

எல்லோரும் பிரதாப்பைப் பார்த்தார்கள். பிரதாப் கத்திகளைப் பார்த்தார்.

“ஆட்டம்,” என்றார், “மீண்டும் இடைநிறுத்தப்படுகிறது.”

“எதுவரைக்கும்?” என்று சட்டத் துரை கேட்டார். “இந்தப் பந்து அடிக்கப்படாமல் போட்டி முடியாது. இதை அடிக்க முடியாது. ஆகவே இடைநிறுத்தம் நிரந்தரம். இடைநிறுத்தத்தில் இருக்கும் பந்துக்குக் காவல் கட்டாயம். நிரந்தர இடைநிறுத்தத்துக்குத் தற்காலிகக் காவலரை நிறுத்த...” புத்தகத்தை மூடினார். “விதியில் இடமில்லை.”

பிரதாப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கவ்வாத்துக்காரர் கத்தியைக் கல்லில் சும்மா ஒருமுறை தீட்டினார்.

“நிரந்தரம்” என்றார் பிரதாப்.

“சத்தமா சொல்லுங்க தொரை, மழையில கேக்கல” என்றார் செல்லசாமி.

“நிரந்தரம்!”

செல்லசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இப்ப அடிங்கப்பா, இன்னொருக்கா!” என்றார். அடிக்கவிடாமல் சட்டத் துரை தவிலின் மேல் படுத்துக்கொண்டார்.

நான் சொல்வதை நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். ஏழாம் நம்பர் மலை ஓரத்தில் சாமி இருக்கிறது, குடை இருக்கிறது, வேலை நேரத்தில் அழகனும் இருக்கிறான். ‘போட்டி நடைபெறுகிறது, அமைதி காக்கவும்’ என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஆட்டம் முடியாததால் கிண்ணத்தை யாருக்கும் கொடுக்க வழியில்லை. கழக அலமாரியில் பூட்டவும் விதியில்லை, பணியிலிருக்கும் போட்டி அலுவலரிடம்தான் இருக்க வேண்டுமாம். பணியில் இருப்பது அழகன் ஒருவன். ஆகவே அதை அவனுடைய லயத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளிக் கிண்ணம். நல்ல அகலம்.

போன வாரம் பிரதாப் அதைப் பார்வையிட வந்தார். வீட்டு நடுவில் இருந்தது. கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

“இது என்ன அநியாயம்! வெற்றியாளருக்குரிய கிண்ணம்!” என்றார்.

ஜீவராணி அதை இரண்டு கையாலும் தூக்கி, வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து ஊற்றிவிட்டு, திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

“அவருக்குத்தானே, தொரை, குடுத்திருக்கோம்” என்றாள், கூரை ஒழுகுகிற இடத்தைக் காட்டி.